நல்ல காது

குளிர்ந்த நீர் வலது காதுக்குள் இறங்கியதும் கூரை சுழலத் தொடங்கியது.

கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். முகத்தில் எதையும் காட்டக்கூடாது.

"சுத்துதா?" என்றார் டாக்டர், அவன் கண்களையே பார்த்தபடி.

"லேசா" என்றான். வாந்தி தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பியது.

போச்சு.

கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றக்கூடாது. வருஷா வருஷம் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி மேலே ஏறலாம். அந்தச் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பு எரிகிறது.

மேசைமேல் பந்து அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது இருந்தது. ஆரம்பிக்கும் முன் அதைத் திறந்து காட்டியிருந்தார். உள்ளே மூன்று வளையக் குழாய்கள். ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில் கொஞ்சம் உப்பியிருந்தது, எலியை விழுங்கிய பாம்பைப்போல.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இந்த உப்பல்தான் சொல்லும், எல்லோருக்கும் இருப்பதுதான் என்று அவர் விளக்கினார். அவன் மனதில் நின்றது உப்பல் என்ற ஒரு சொல்தான். உப்பினால் வீக்கம். வீக்கமென்றால் வியாதி. தண்ணீர் பட்டதும் அது அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

போன வருஷம் ஒருநாள், உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது வானம் இடப்பக்கமாகச் சரிந்தது. ஒரு மூச்சு நேரம்தான். கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டு, இறங்கவேண்டிய இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி இறங்கியது.

காற்று என்று கீழே வந்து சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

மனைவியிடமும் அதையேதான் சொன்னான்.

டாக்டர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

நீர் இறங்கியது. கூரையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

கூரை அசையவில்லை.

கிண்ணத்தில் ஐஸ் துண்டுகள் மோதும் சத்தம். இன்னும் குளிர்ந்த நீர். மின்விசிறி இறக்கையில் படிந்த தூசியைக்கூட அவனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லு மாதிரி இருக்கேன் டாக்டர். இந்தக் காது சுத்தம். வேணும்னா ஒரு குடம் ஊத்திப் பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. பஞ்சை எடுத்து அந்தக் காதை மட்டும் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"தண்ணி பட்டா சுத்தணும். சுத்தினதுதான் நல்ல காது" என்றார். "இது செத்துப்போச்சு. ரொம்ப நாள் ஆயிருக்கும்."

அவன் எழாமல் கிடந்தான்.

"மேல இருக்கும்போது எப்பவாவது தலை சுத்தியிருக்கா?"

வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. கூடவே வந்து வெளியே காத்திருந்த மனைவியின் தம்பி எட்டிப்பார்த்தான்.

"மாமாவுக்கா? தலைசுத்தலா?" என்று சிரித்தான். "வீட்டுல அக்கா கத்துற கத்துக்கே அசையாத ஆளு டாக்டர் இவரு. அன்னைக்கு நடந்தது காத்து. நான்தானே கொக்கிக்குக் கீழ நின்னேன், எனக்குத் தெரியாதா?"

உள்ளே வந்து தன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். முழங்காலோடு மடித்து ஊசி குத்தியிருந்த பேண்டைச் சரிசெய்துகொண்டான். பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே, மாமா எழுந்திருக்கக் கை நீட்டினான்.