பின்படியில் கூவிப் பார்த்த பெயர்

சாய்வெயில் பட்டுத் தகரக் கூரை சடசடக்கிறது. செம்மறி ரோமம் கத்தரித்துவிட்டு வந்த டெஸ், பிசுக்குப் போகாத கையில் எட்டு நாள் மகளோடு பின்படியில் நிற்கிறான். குடும்பப் பெயர் காஃபின், அதாவது சவப்பெட்டி. அதோடு எந்தப் பெயரும் ஒட்ட மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கத்தில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி மேய்ச்சல் வெளியைப் பார்த்துக் கூவித்தான் பெயரைச் சோதிப்பார்கள். "ரோஸ் காஃபின்!" என்று கூவுகிறான். "சவப்பெட்டி மேல ரோசாப்பூவா? நல்லா வச்சே போ!" அடுப்படியிலிருந்து அவன் மனைவி நொரீன் சிரிக்கிறாள். "சிரி, சிரி. என்னப் பாத்துப் பள்ளிக்கூடமே சிரிச்சுது. நாளைக்கு இவளப் பாத்தும் சிரிக்கும்." செத்துப்போன அம்மா இதே படியில் நின்று அவனை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் வாயில் மட்டும் அந்தப் பெயர் சுட்ட ஆட்டுக்கறி மாதிரி மணக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவின் பெயரைக் கூவுகிறான். "எடித் காஃபின்!" குரல் வேலி தாண்டிப் போகிறது. நொரீன் சிரிக்கவில்லை. "எடித்தத் தூக்கிட்டு உள்ள வா, கறி ஆறுது" என்கிறாள்.