பச்சைப் புள்ளி

யாரோ சொல்லிக் கேட்ட கதை. சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவில்லை, சாரம் இதுதான். தனியாக இருந்த அப்பாவின் பழைய கம்ப்யூட்டரை வீட்டு சர்வராக மாற்றிவிட்டு, மகன் ஊருக்குக் கிளம்பினான்.

“காலைல எழுந்ததும் போடுங்கப்பா. படுக்கறப்ப அணைச்சிடுங்க.”

“எதுக்குடா இந்தக் கிழட்டுப் பொட்டி?”

“பேத்தி போட்டோ எல்லாம் இனிமே இதுலதான். நீங்க போட்டாத்தான் எங்களுக்குத் தெரியும்.”

அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தான் அசந்து தூங்கிவிட்டால் பிள்ளை தவித்துப்போவானே! அவர் அதை அணைக்கவே இல்லை.

நலம் விசாரித்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். அதனால்தான் போட்டோ என்றொரு சாக்கு. தினமும் காலையில் மகன் தன் போனில், அந்தக் கம்ப்யூட்டர் ஓடினால் எரியும் பச்சைப் புள்ளியைப் பார்ப்பான். “அப்பா எழுந்துட்டாரு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவான்.

அப்பா குளியலறையில் விழுந்து, நாள்கணக்கில் கிடந்து செத்தார். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். மகன் வந்து அடக்கம் செய்தான். வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.