இல்லாத ஆளுக்குச் சோறு

தூக்குச்சட்டியைத் திறந்து, பெரியம்மாள் கண்ணெதிரிலேயே சாமைச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார் ஏட்டு மாயவன்.

அவளுக்குத் துணையாக வந்து பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் ராதிகாவுக்கு வயிறு எரிந்தது.

பெரியம்மாள் கல்வராயன் மலைக்காரி. கீழே உறவுக்காரி வீட்டில் தங்கி, புருஷன் இருசப்பனுக்காக நாள் தவறாமல் சோறு ஆக்கி வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள்.

"இருசப்பன்னு யாரும் இங்க இல்லன்னு எத்தினி தபா சொல்றது? சட்டிய வெச்சிட்டுப் போ!"

ஏட்டின் பதில் தினமும் இதுதான். ஆள் இல்லையாம், ஆளுக்கு வந்த சோறு மட்டும் வேண்டுமாம். நல்ல நியாயம்தான் போங்கள்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. மலையடிவார ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கடுக்காய் விற்கப் பெண்டாட்டியோடு இறங்கி வந்த இருசப்பன் இடுப்பில் கொடுவாள் இருந்தது. மலைக்காரன் கொடுவாள் இல்லாமல் படி தாண்ட மாட்டான். நமக்குத் தோளில் துண்டு மாதிரி அவனுக்கு அது. போலீஸுக்கு அதெல்லாம் தெரியுமா? மரம் வெட்டியவன் இவன்தான் என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். மறியல் எதற்கென்றுகூட அவனுக்குத் தெரியாது.

மற்றவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். இருசப்பனைப் பிடித்ததாகவே எழுதவில்லை. பிடிக்காத ஆள் உள்ளே செத்தால் யாரைப் போய்க் கேட்பது? ராதிகாவுக்கு அதுதான் பயம்.

அவள் கள்ளக்குறிச்சியில் வக்கீல். அதோடு, வெளிநாட்டில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு மனித உரிமை அமைப்புக்கு இந்தப் பக்கத்துத் தகவல்களை டெல்லி வழியாக அனுப்புகிறவள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பல நாட்டிலிருந்தும் தந்தி வந்து குவியும். எப்பேர்ப்பட்ட அதிகாரியும் ஆடிப்போவார்.

ஆனால் சும்மா சொல்லிவிட மாட்டார்கள். ஆள் உள்ளே இருப்பதை ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர் உறுதி செய்ய வேண்டும். கண்ணால் கண்ட தப்புக்கு மட்டும்தான் அதிகாரியின் பெயரைப் போட வேண்டும்.

வேனில் ஏற்றியதைப் பார்த்த பெரியம்மாள் ஒரு சாட்சி. இன்னொன்றுக்கு எங்கே போவது? இன்ஸ்பெக்டர்தான் அடிக்கிறார் என்று ஊரே முணுமுணுத்தது, பார்த்தேன் என்று சொல்ல நாதியில்லை. ராதிகா கண்ணால் கண்டது இந்தச் சோற்றை மட்டும்தான். ஏட்டின் சட்டையில் இருந்த பெயரைப் படித்து, சரிதானா என்று பெரியம்மாளையும் கேட்டு, அங்கேயே எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன் வந்தது. வாயில் துணியைப் பொத்திப் பேசுகிற ஆண் குரல்.

"அந்த மலைக்காரன் உள்ளதான் இருக்கறான். அப்பன் பேரு சடையன். இடது தோள்ல கரடி கீறுன தழும்பு. சீக்கிரம் எதனா பண்ணுங்கம்மா, ஆளு தாங்க மாட்டான்."

யாரென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். தழும்பு உண்டா என்று பெரியம்மாளைக் கேட்டாள். உண்டு என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். இரண்டாவது சாட்சி கிடைத்தாயிற்று, டெல்லிக்குத் தகவல் பறந்தது.

நார்வே எங்கே, நம்ம ஊர் ஸ்டேஷன் எங்கே! வாயில் நுழையாத பெயர்களில் எல்லாம் தந்தி வந்து இறங்கியது. இருசப்பன் எங்கே, இருசப்பன் எங்கே என்று ஒரே கேள்வி. கொஞ்ச நாளில், விலா வீங்கிய இருசப்பனைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது ஒரு ஜீப். உயிர் இருந்தது.

தந்திக்காரர்கள் அதோடு விடவில்லை. தப்பு செய்தவர் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டார்கள். மேலதிகாரிகள் ராதிகாவின் அறிக்கையைப் புரட்டினார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு பெயர். ஏட்டு மாயவன் சஸ்பெண்ட்.

டெல்லியிலிருந்து ராதிகாவைப் பாராட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தப்பித்தது அவளுக்கு உறுத்தல்தான். இருந்தாலும் ஒரு ஏழை கொண்டுவந்த சோற்றைத் தின்றவனாவது மாட்டினானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறு வாரம் புருஷனும் பெண்டாட்டியும் அவளைத் தேடி வந்தார்கள். கையில் மலைத்தேன் பாட்டில். நமக்கெதற்கு இதெல்லாம் என்றபடி ராதிகா கையை நீட்டினாள்.

இருசப்பன் நெளிந்தான். "இது ஏட்டையாவுக்குங்க. ஸ்டேஷன்ல கேட்டா அவரு இப்ப இல்லன்றாங்க. அவரு வூடு எங்கன்னு தெரியுமாங்க?"

"அவருக்கா? உனக்கு வந்த சோத்தத் தின்னவருய்யா அவரு!"

"வெளிய நின்னு ரெண்டு வாய் திம்பாருங்க, இன்ஸ்பெக்டரு பாத்துக்கினு இருப்பாரே. மீதிய அப்பிடியே உள்ள கொண்டாந்து எனக்குக் குடுத்துருவாரு. இல்லாத ஆளுக்குன்னு சோறு வாங்க முடியுமாங்க? தனக்குன்னுதான வாங்கணும்?"

ராதிகா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். போன் விஷயத்தை மெல்லக் கேட்டாள்.

அதுவும் அவர்தான் என்றான் இருசப்பன். அப்பன் பெயரைக் கேட்டு, தோள் தழும்பைப் பார்த்துக்கொண்டு, வக்கீலம்மாவுக்குப் போன் போடுகிறேன், அதுவரை உசுரைக் கையில் பிடித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.



தேன் பாட்டிலை முந்தானையால் துடைத்துக்கொண்டே பெரியம்மாள் கேட்டாள்: "அன்னிக்கு அவரு பேர எழுதிக்கினீங்களே வக்கீலம்மா, அவருக்கு எதனா நல்லது பண்ணத்தானே?"