ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

"ரீச்சர், உங்கட சுருதி பிழை" என்றார் சிவகரன்.

ஜெயபுரம் வாசிகசாலையில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு நடக்கும் 'இசையால் நலம்' வகுப்பு. மேசையில் மின்சாரச் சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது.

வாசிகசாலைச் செயலாளர் சிவகரனுக்குப் பாட வராது. ஆனால் எந்த அதிர்வெண் ஈரலுக்கு நல்லது, எது இரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதெல்லாம் யூரியூப்பில் கேட்டுக் கரைத்துக் குடித்தவர். 'ஹேர்ட்ஸ்' என்று சொல்லும்போது அவர் குரலே ஒரு படி ஏறும்.

"ஐஞ்சு கட்டையும் இல்லை, ஐஞ்சரையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலை நிக்குது. பாருங்கோ." கைபேசியை நீட்டினார். சுருதி பார்க்கும் செயலியின் முள் சிவப்பில் நடுங்கியது.

"தெரியும்" என்றார் கௌசலா ரீச்சர்.

"தெரிஞ்சுகொண்டோ? பிழையான அதிர்வெண் உடம்புக்குக் கூடாது, ரீச்சர்."

"எங்கட தொண்டைக்கும் கூடாதுதான்" என்றாள் முன்வரிசை இராசேஸ்வரி. "ரெண்டு மாசமா, மேலை போகேக்கை கோழி மாதிரிக் கத்துறன். வீட்டிலை பாடிப் பாத்தால் சேவல் பதில் சொல்லுது."

ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பெட்டியின் குமிழைத் தொடவில்லை.

சிவகரனுக்கு எரிச்சல். பின்வரிசையைப் பார்த்ததும் அது இன்னும் கூடியது. நாகேஸ்வரி சுவரில் சாய்ந்து நல்ல நித்திரை. கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம். ஒருநாளும் வாய் திறந்து பாடியதில்லை. வருவாள், சாய்வாள், குறட்டை விடுவாள்.

"அந்தக் குறட்டையாவது ஒரு கட்டையிலை நிக்குது" என்றார் சிவகரன். "இப்பிடியே போனால் நிர்வாகக் கூட்டத்திலை கதைச்சு வேற ரீச்சரைத்தான் கூப்பிட வேணும்."

ரீச்சர் தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

அந்த இடைவெளி போதுமாக இருந்தது. சிவகரன் குமிழைத் திருகினார். முள் பச்சைக்கு வந்து ஆடாமல் நின்றது. அச்சொட்டாக ஐந்து கட்டை.

நாகேஸ்வரி திடுக்கிட்டு எழும்பினாள்.

"பாத்தியளே? சரியான அதிர்வெண் நித்திரைக்காரரையும் எழுப்பும்."

அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "ஐயா, பெட்டிய மாத்திட்டீங்களா? கூவுதுங்க. திரும்பவும் கூவுது."

"என்ன கூவுது? பெட்டிதானே கேக்குது."

"பெட்டி இல்லை, அண்ணை." ரீச்சர் வாசலில் நின்றார். "சண்டைக்குள்ளை பக்கத்திலை செல் விழுந்து வெடிச்சதிலையிருந்து அவவுக்குக் காதுக்குள்ளை ஒரு சத்தம். ஆஸ்பத்திரியிலை காட்டினது, மாறாதாம். ராவிலை நித்திரையே இல்லை. அந்தச் சத்தத்தை ஒருக்கா முணுமுணுத்துக் காட்டச் சொன்னனான். ஐஞ்சுக்கும் ஐஞ்சரைக்கும் நடுவிலை நிண்டுது. பெட்டியை அங்கை கொண்டுபோய் வைச்சன். பெட்டியும் நாங்களும் அதிலை பாடேக்கை, அது எங்கட சத்தத்தோடை கலந்து காணாமல் போகுதாம்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பீங்கள். பிறகு அவ எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இராசேஸ்வரி மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முதலே தெரிஞ்சிருந்தால் சேவலையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

ரீச்சர் கைகாட்ட, பெண்கள் பாடத் தொடங்கினார்கள்.

சிவகரன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தபடி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அவளுடைய கைகள் காதிலிருந்து இறங்கின. பிறகு இமைகள் மூடின.

கையை எடுத்தார்.

"இப்ப சுருதி சரி" என்றார், அவள் எழும்பிவிடாதபடி மெதுவாக.