சூடாகும் ப்ராசஸர்

‘டமார்’ என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி மேசைமேல் வந்து விழவும், கடைக்காரப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே ஒரு பெரியவர் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

“எரிஞ்சுபோச்சும்மா. பையனோடது. கேம் விளையாட, வீடியோ எடிட் பண்ண வாங்கினது. இன்னைக்கே புதுசு வேணும். ரெண்டு நாளா வீட்ல சோறு இறங்கல.”

“துரை அடம் பிடிக்கிறாராக்கும்! ஓய்வே கொடுக்காம ஓட்டினா எரியாம என்ன செய்யும்? நீங்க திட்டுறதில்லையா?”

“திட்டாத நாளே இல்ல. ‘இந்த இரைச்சலை நிறுத்துடா’ன்னு கத்துவேன்.”

அவள் பெட்டியைத் திறந்து பார்த்து, ப்ராசஸர்தான் கருகியிருக்கிறது என்று சொல்லி, சிரித்தபடி புது ப்ராசஸர்கள் இரண்டை எடுத்து வைத்தாள். “அப்ப இதை வாங்குங்கப்பா. எடிட்டிங் பறக்கும். சூடே ஆகாது. ஃபேன் சுத்துறது காதுலயே விழாது.”

“அது வேண்டாம். இன்னொண்ணு?”

“அது பழைய மாடல். அடுப்பு மாதிரி கொதிக்கும். ஃபேன் போடுற கூச்சல் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும்.”

பெரியவரின் முகம் மலர்ந்தது. “சமையல்கட்டு வரைக்கும் கேட்குமா?”

பத்து வருஷ வியாபாரத்தில் இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“காசு கொடுத்துத் தலைவலியை வாங்குவாங்களா? பையனையே கூட்டிட்டு வாங்க, அவர் பார்த்து எடுக்கட்டும்.”

பெரியவர் எரிந்த பெட்டியை மெல்லத் தடவினார்.

“அவன் தவறி ஒரு வருஷமாச்சும்மா. இந்தச் சத்தம் கேட்டாத்தான், உள்ள வேலையா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு அவங்கம்மா ஒரு வாய் சாப்பிடுவா.”