குடை கிடைச்சுதா?

"குடை கிடைச்சுதாம்மா?"

டீச்சர் வாசலில் நின்றார். மூன்று வாரத்தில் இது ஏழாவது தடவை.

மேஜையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். "வந்தாச்சுப்பா" என்று பல்லிடுக்கில் முனகினாள்.

"இன்னும் இல்லை டீச்சர். உட்காருங்க, தேடிப் பார்க்கிறேன்" என்றாள் மருமகள். அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தப் பேர்தான்.

கீழே அஞ்சலிக் கூடம், மாடியில் வீடு. ஊரில் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் இங்கேதான் வரும். வண்டியும் மற்ற ஏற்பாடுகளும் புருஷன் பொறுப்பு. போனும் காகிதமும் நாத்தனாருக்கு. மருமகளுக்குக் கூடம்: நாற்காலி, பூ, தண்ணீர், டீ. சாய்ந்து அழ ஆள் இல்லாதவர்களுக்கு அவள் தோள்.

மரியாதைக்குக் குறைவில்லை. கடையில் வரிசையில் நின்றால் விலகி நின்று முன்னால் விட்டுவிடுவார்கள். விலகி நிற்பதோடு சரி. நின்று இரண்டு வார்த்தை பேச மாட்டார்கள். மாடிப்படி ஏறி வந்து, "என்ன பண்றே, சாப்பிட்டியா?" என்று கேட்ட ஆள் இதுவரை ஒருவர் இல்லை.

டீச்சரின் கணவருக்கு இங்கேதான் காரியம் நடந்தது. பிள்ளை குட்டி கிடையாது. வந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். மறுநாளே டீச்சர் தனியாக வந்து நின்றார். "கறுப்புக் குடைம்மா. இங்கேதான் விட்டிருப்பேன்."

அன்றிலிருந்து இதே கதைதான். மருமகள் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடுவாள். டீச்சர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். தேடிக் களைத்து இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். டீ ஆறுவதற்குள் பேச்சு குடையை விட்டு எங்கேயோ போயிருக்கும்.

இன்றும் அப்படித்தான்.

"குறட்டை கேக்காம தூக்கமே வர மாட்டேங்குதும்மா. முப்பத்தெட்டு வருஷம் திட்டித் தீர்த்திருக்கேன் அந்தக் குறட்டையை."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நிறைய இருக்கு. பாதி கொண்டு போறீங்களா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். மருமகளும் சிரித்தாள். கூடம் முழுக்கக் கேட்டது.

நாத்தனார் விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா குடைக்காகவா வருது? பொழுது போகாம வருது. அண்ணியும் கூடச் சேர்ந்துக்கிட்டு ஈன்னு இளிக்கிறாங்க. துக்கத்துக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அதை விடு. குடை எங்கே போச்சு? அதைச் சொல்லு."

அவனுக்கு அதுதான் உறுத்தல். யாராவது எதையாவது மறந்து விட்டுப் போனால், அன்று சாயங்காலமே கொண்டுபோய் அவர்கள் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மணி அடிக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. அவன் அப்பா காலத்துச் சட்டம். மூக்குக்கண்ணாடியையே விட்டிருந்தாலும் ஊர்க்காரர்கள் புதுசு வாங்கிக்கொள்வார்களே தவிர, அதற்காக இந்த வாசப்படியை இன்னொரு தரம் மிதிக்க மாட்டார்கள். தங்கள் வாசலில் இவர்கள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காது. கொண்டுபோய் மாட்டும் வேலை மருமகளுடையது. இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை.

"நம்மகிட்ட ஒண்ணும் தொலையாதுன்னா, அந்தம்மா பொய் சொல்லுதுன்னுதானே அர்த்தம்?" சர்க்கரை எடுக்க உள்ளே வந்த மருமகளைப் பார்த்தாள் நாத்தனார். "என்ன அண்ணி? நீங்களே சொல்லுங்க."

"வயசானவங்க. மறதியா இருக்கும்" என்றாள் மருமகள், சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

புருஷன் வெளியே போனான். திரும்பி வரும்போது அவன் கையில் புதுக் குடை. கறுப்புதான்.

"டீச்சர், தப்பு எங்களோடது. இதை வச்சுக்குங்க. இனிமே இதுக்காக நீங்க அலைய வேண்டாம்."

மரியாதையாகத்தான் சொன்னான். இரண்டு கையாலும் கொடுத்தான்.

டீச்சர் வாங்கிக்கொண்டார். அதன் பிளாஸ்டிக் உறையைக் கொஞ்ச நேரம் தடவினார்.

"ஆமா... இனிமே வர வேண்டியதில்லை."

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பாடா! விட்டுது தொல்லை" என்றாள் நாத்தனார்.

மருமகள் மாடிக்கு ஓடினாள். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு கறுப்புக் குடையை உருவினாள். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். தெருமுனையில் பிடித்துவிட்டாள்.

"டீச்சர், நில்லுங்க! உங்க குடை."

"எங்கேம்மா இருந்துச்சு?"

"என்கிட்டதான்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "உங்க வீட்டுக் காரியத்தன்னைக்குக் கூடத்துல கிடந்துச்சு. சாயங்காலம் இன்னொரு வீட்டுக் காரியம், கொண்டுவர முடியலை. மறுநாள் நீங்களே வந்து நின்னீங்க. சாவு விழாம எங்க வாசலுக்கு ஒரு ஆள் வந்ததே இல்லை டீச்சர். குடையைக் கொடுத்துட்டா அப்புறம் வர மாட்டீங்களேன்னு ஒளிச்சு வச்சுட்டேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு நாத்தனார் சொன்னப்பகூட வாயைத் திறக்கலை. பாவி நான். மன்னிச்சிருங்க."

டீச்சர் குடையை வாங்கி விரித்துப் பார்த்தார். பிடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல மடக்கி, மருமகளின் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இது யாரோடதோ தெரியலையேம்மா" என்றார். "அன்னைக்கு நான் குடையே எடுத்துட்டு வரலை."