சம்பாதிக்கிற பிள்ளை

"பையன் இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க பெரியவரே!"

மணிமொழி கேட்டது கோதண்டபாணியை. பக்கத்தில் நின்ற மனைவி தேவானைதான் முந்திக்கொண்டாள்.

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? ராசா மாதிரி கீறான். புகழேந்தின்னு பேரு. எலக்ட்ரீசன் வேல."

மயிலாப்பூரில் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அரிசி வங்கி அது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இல்லாதவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்று விசாரித்து முடிவு செய்யும் பொறுப்பு மணிமொழியின் தலையில். இளகிய மனசுக்காரிதான். ஆனால் யாராவது ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"முதியோர் பென்ஷன் வரலையா?"

"எழுதிப் போட்டோம்மா," என்றார் கோதண்டபாணி. "ரேஷன் கார்டுல சம்பாரிக்கிற புள்ள பேரு கீது, உங்களுக்குக் கெடையாதுன்னுட்டாங்க. ஆத்தோரம் குடிசையில இருந்தப்ப மீன்பாடி வண்டில சாமான் ஏத்தி ஓட்டிக்கினு இருந்தேன். குடிசைய எடுத்துட்டு, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல வீடு குடுத்துப் போட்டாங்க. அங்க இன்னா வேல கீது? ரேஷன் அரிசியில கஞ்சி காச்சிக்கிறோம். மத்ததுக்குத்தான் வழியில்ல."

"பஸ்ஸு ஓசி எனக்கு. அதான் இவர இட்டுக்கினு இம்மாந்தூரம் வந்தேன்," என்றாள் தேவானை.

"இங்கேயும் அதே ரூல்தாம்மா. சம்பாதிக்கிற பிள்ளை இருந்தா பை கிடையாது. சரி, பையன் மாசம் எவ்வளவு தர்றான்?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணும் தர்றதில்லம்மா."

"வந்தாவது பார்க்கறானா?"

"இல்ல."

"போன்?"

தலை மெல்ல இடமும் வலமும் அசைந்தது.

மணிமொழிக்கு ஆத்திரமாக வந்தது. வயசான காலத்தில் பெற்றவர்களை ஊரான் வீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்க விட்டுவிட்டு, எங்கேயோ சொகுசாக இருக்கிறான் படுபாவி! இவன் பெயர் கார்டில் இருக்கிற பாவத்துக்குப் பென்ஷனும் போச்சு, பையும் போச்சு.

"இந்த மாதிரிப் பிள்ளையெல்லாம் இருந்தா என்ன, செத்தா என்ன?" என்று படபடத்துவிட்டாள்.

தேவானை சீறினாள். "வாயக் கழுவும்மா! உன் பையி யாருக்கு வேணும்? எம் புள்ள தங்கம். அவனுக்கு இன்னா கஷ்டமோ, வராம கீறான். வந்தான்னா என்ன ராணி மாதிரி வெச்சுப்பான்."

"எங்கே இருக்கான்னாவது தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார் பெரியவர் அவசரமாக. "வுட்டுடும்மா. பையி வேணாம். நாங்க வரோம்." மனைவியின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினார்.

"ஏன் விடணும்? பெத்தவங்களைக் கவனிக்காத பிள்ளையைக் கேட்கச் சட்டம் இருக்கு. போட்டோ இருந்தா கொடுங்க. எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார். எங்கே ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வரச் சொல்றேன்."

தேவானையின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கணவனை உதறிவிட்டு வந்து மணிமொழியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். முகமெல்லாம் பூரித்துப் போயிருந்தது.

"நெசமாவா கண்ணு? இட்டாந்துடுவாங்களா? அடிக்க வேணாம்னு சொல்லும்மா. அம்மா கூப்புட்டான்னு மட்டும் சொல்லு, ஓடியாந்துடுவான்."

"வா தேவானை, பஸ்ஸு போயிடும்." பெரியவர் அவளை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனார்.

மணிமொழிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் மழுப்புகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். பசி யாரை விட்டது? ரூலாவது மண்ணாவது என்று மணிமொழி ஒரு பையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"பையிக்காக வரலம்மா. போலீசு தேடித் தரும்னு சொன்னியே, அத அவகிட்ட இன்னொரு தபா சொல்லாத. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். அவ எதிர்ல என்னால வாயத் தொறக்க முடியல." வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வெள்ளம் வந்தப்ப ஆத்தோரம் மாட்டிக்கினவங்கள ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கியாந்து கரை சேர்த்தான். திரும்ப உள்ள எறங்கினவன்தான், பொணங்கூட கெடைக்கல. அதான் புள்ள உசுரோட கீறான்னு அவ இன்னும் நம்பிக்கினு கீறா. பொணம் இல்லாம செத்துட்டான்னு எழுத மாட்டாங்களாம், ஏழு வருசம் ஆவணுமாம். அது வரிக்கும் கவுருமெண்டு கணக்குல எம் புள்ள சம்பாரிச்சுக்கினுதாம்மா கீறான்."